வலியைப் பொறுப்பது நோன்பு அல்ல

எங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கம் முழங்கால் வலி என்றால், "வயசானா வரத்தானே செய்யும், பொறுத்துக்க வேண்டியதுதான்" என்பார்கள். பிசியோதெரபியில் 'கரண்ட் வைக்க' அழைத்தால், "நரம்பு கெட்டுப்போயிடும்" என்று ஒதுங்குவோரும் உண்டு. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

வலி முட்டியில் என்றாலும் அதற்கான பதிவேடு இருப்பது தண்டுவடத்தில். வலி நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டால், அங்குள்ள நரம்பணுக்களுக்குள் கால்சியம் நுழைகிறது. அது ஒரு நொதியை எழுப்ப, நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. வாயுவாகையால் ஓரிடத்தில் நிற்காமல் பக்கத்து அணுக்களுக்கும் பரவி அவற்றையும் உசுப்பிவிடுகிறது. பிறகு இலேசாகத் தொட்டாலே வலிக்கும். விலங்குகளில் அந்த நொதியைத் தடுத்தபோது இந்த மிகைவலி குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, 'பொறுத்தால் பழகிவிடும்' என்ற பேச்சு எப்போதும் செல்லாது.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நைட்ரஜன் என்றால் 'அஸோத்'. 'உயிரற்றது' என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த பெயர். அந்த அஸோத்தும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயுதான் நம் உடம்புக்குள் தூது போகிறது! இரத்தக் குழாய்களில் அதன் வேலையைக் கண்டறிந்ததற்கு 1998இல் மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை பலிப்பதும் அதனால்தான்.

கரண்ட் வைப்பது வேறு வகைத் தூண்டல். தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வாசல் அடைபடும் என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். இடித்துக்கொண்ட இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே சூட்சுமம். எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காது. மூட்டுத் தேய்மானத்தையும் அது சரிசெய்யாது. உடற்பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிட்டே போகக்கூடாது. ஆனால் முறையாக வைத்தால் நரம்பு கெடாது.

செஞ்சி திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. அது அவராக விரும்பி ஏற்றது. நம் வீட்டுக் கிழவி இரவெல்லாம் முனகுவது அப்படியல்ல. யாரும் கேட்காததால் வந்தது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வலி புதிதாக இருக்கும்போதே கேட்டுப் பெறுங்கள்.