சர்க்கரையைக் கண்டோம், கொழுப்பை மறந்தோம்

ஒரு நோய்க்கு இடும் பெயரே அந்நோயை நாம் காணும் கண்ணாகவும் அமைந்துவிடுகிறது. நீரிழிவு, மதுமேகம், சர்க்கரை நோய் எனத் தமிழில் வழங்கும் மூன்று பெயர்களையும் நோக்குக. முதலாவது மிகுதியாகக் கழியும் நீரைச் சுட்டுகிறது. இரண்டாவது அந்நீரின் இனிப்பைச் சுட்டுகிறது. மூன்றாவது குருதியில் மிகும் சர்க்கரையைச் சுட்டுகிறது. இவற்றுள் ஒன்றேனும் இதயத்தைச் சுட்டவில்லை. ஆயின் இந்நோயுற்றோரின் உயிரைப் பெரிதும் கவர்வன இதய நோயும் இரத்தக்குழாய் நோயுமே. தமிழ்த்துறை மலரில் மருத்துவச் செய்தி எதற்கு என வினவுவார்க்கு எம் விடை இதுவே: சொல் விளைத்த மயக்கத்தைச் சொல்லாலேயே நீக்குதல் தமிழாசிரியர்க்கும் கடமையாகும்.

எம் பெரியவாப்பா சர்க்கரையின் அளவை எழுதுவதற்கெனத் தனிக் குறிப்பேடு வைத்திருந்தார். தேநீரில் சீனி சேர்க்கமாட்டார். பெருநாளன்றும் இனிப்பைத் தொடமாட்டார். 'சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது' எனப் பெருமிதத்தோடு கூறுவார். ஒருநாள் பஜ்ர் தொழுகைக்குப்பின் அவருக்கு உடல் வியர்த்தது, மூச்சுத் திணறியது. நெஞ்சுவலி இல்லாமையால் செரியாமை என்றே வீட்டார் எண்ணினோம். மாரடைப்பு என மருத்துவர் உணர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. நெடுநாள் நீரிழிவு நரம்புகளைப் பழுதாக்குவதால் வலி தோன்றாமலே மாரடைப்பு நேரக்கூடும் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர்தம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். கொழுப்பின் அளவு ஒரு பக்கத்திலும் இல்லை.

சர்க்கரைக்கும் கொழுப்பிற்கும் உள்ள உறவு யாது? இன்சுலின் சர்க்கரையை மட்டுமன்றிக் கொழுப்பையும் ஆள்கிறது. அதன் ஆற்றல் குன்றும்போது, உடலில் சேமித்துவைத்த கொழுப்பு கரைந்து ஈரலை அடைகிறது. ஈரல் அதனை டிரைகிளிசரைடாக்கிக் குருதியில் விடுகிறது. டிரைகிளிசரைடு பெருகப் பெருக, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைகிறது, தீய கொழுப்பாகிய எல்.டி.எல். சிறுத்துச் செறிந்த துகள்களாகி இரத்தக்குழாய்ச் சுவரில் எளிதிற் புகுந்து படிகிறது. துகள்கள் சிறியனவாதலின், எல்.டி.எல். அளவு மிகாததுபோல் தோன்றினும் துகள்களின் எண்ணிக்கை மிக்கிருக்கக்கூடும். ஆதலால் மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் எண்ணையும் மருத்துவர் நோக்குகின்றனர். கழித்தற் கணக்கறிந்த மாணவர் எவரும் தம் பெற்றோரின் ஆய்வறிக்கையில் இதனைக் கண்டறியலாம்.

ஒரு டெசி லிட்டர் குருதியில் டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்குக் கீழும், எச்.டி.எல். ஆடவர்க்கு 40, மகளிர்க்கு 50 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தல் நன்று. நாற்பது அகவை கடந்த நீரிழிவாளர் பலர்க்கு எல்.டி.எல். 70க்குக் கீழும், முன்னரே இதய நோய் உற்றார்க்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. ஆய்வறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரம்போ பொதுமக்கட்கு உரியது. அதனைப் பார்த்து 'எல்லாம் சரியாகவே உள்ளது' என நீரிழிவாளர் மகிழ்ந்திருத்தல் பிழை.

கொழுப்பைக் குறைத்தால் உயிர் காக்கப்படுமா என்னும் ஐயத்திற்கும் விடை உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2838 நீரிழிவாளரிடம் நடந்த 'கார்ட்ஸ்' ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. அவர்கள் அதற்குமுன் இதய நோய் உறாதவர், எல்.டி.எல். மிக உயர்ந்தவரும் அல்லர். நாள்தோறும் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 37 விழுக்காடு குறைந்தன. பயன் ஐயமறத் தெரிந்தமையால் ஆய்வை ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவே நிறுத்தினர். எண் குறைந்தவுடன் மருந்தைத் தாமே நிறுத்திக்கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அளவு குறைந்தது அம்மருந்தினால்தானே!

இனி நம் சமுதாயத்தை நோக்குவோம். பாயசத்தை விலக்கிய கை, நெய்ச்சோற்றையும் பொரித்த இறைச்சியையும் மறுமுறையும் கேட்டு வாங்குவதை வலீமா விருந்துகளில் காண்கிறோம். இனிப்பு இல்லையாதலின் கேடில்லை என்பது அவர்தம் எண்ணம். 'சர்க்கரை நோய்' என்னும் பெயர் தந்த எண்ணம் அது. விருந்தோம்பலைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. அதே பந்தியில் காய்கறியும் மீன்குழம்பும் சிறிது கூடி, நெய்யும் பொரியலும் சிறிது குறைந்தால் நம் பெருமை குன்றிவிடாது. ஜமாஅத்துகள் நடத்தும் இலவச முகாம்களில் விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகின்றனர். நற்பணிதான், எனினும் பாதிப்பணி. நீரிழிவு உள்ளவர் எனத் தெரிந்தவர்க்குக் கொழுப்பு ஆய்வும் இரத்த அழுத்த ஆய்வும் உடன் செய்தல் வேண்டும். வறியவர்க்கு ஆகும் செலவைப் பைத்துல்மால் நிதியிலிருந்து ஏற்கலாம் என்பது எம் துணிபு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவாளர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். நம் ஊரும் நம் தெருவும் அக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல.

'மருந்து' எனும் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனுள் ஒரு மருந்தின் பெயரையும் கூறாது, பெரும்பகுதி உண்ணும் முறையையே பேசினார். உண்பதில் அளவு கடவாமை நம் மார்க்கமும் கற்பித்த ஒழுக்கமே. மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் இல்லம் செல்லும்போது, 'வாப்பா, சர்க்கரை எவ்வளவு?' என்பதோடு நில்லாது, 'கொழுப்பு எவ்வளவு?' எனவும் கேளுங்கள். பார்த்ததில்லை என்பாராயின் கையோடு அழைத்துச் சென்று பார்க்கச் செய்யுங்கள். எம் பெரியவாப்பாவிடம் அவ்வினாவை எவரும் கேட்டோமில்லை. உங்கள் இல்லங்களில் அது கேட்கப்பட வல்ல இறைவன் அருள்புரிவானாக!