முற்றத்து விருந்தாளிகள்



வேலூர் லாங் பஜாரில் தானிய மூட்டை அவிழ்க்கும் இடமெல்லாம் சிட்டுக்குருவிக்குப் பந்திதான். அப்பறவை வாழ்வதற்கு ஓட்டு வீட்டின் இடுக்கும் சிந்திய நொய்யும் போதுமானவை. இன்றைய கான்கிரீட் வீடுகளிலோ கூடு கட்ட இடுக்கில்லை. நெகிழிப் பையில் அடைபட்ட அரிசி தரையில் சிந்துவதுமில்லை.

குருவியிலிருந்து தொடங்கிய பெருவாழ்வு ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. ஐயம் தீர்க்க மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கு பிறந்த ஆர்வமே அவரை இந்தியப் பறவையியலின் தலைமகனாக்கியது. 1976இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

பறவைகள் கூடும் நீர்நிலைகள் யாவும் இயற்கை தந்தவையல்ல. வேடந்தாங்கல் ஏரி பாசனத்திற்காக மனிதர் அமைத்ததே. பறவைகளைச் சுடுவோரைத் தடுக்குமாறு அவ்வூரார் முறையிட, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் அறிந்திருந்தனர். 2022இல் அது ராம்சார் தலமாயிற்று. நத்தைகுத்தி நாரையையும் அரிவாள் மூக்கனையும் காண மார்கழி, தை மாதங்களில் குடும்பத்தோடு சென்று வாருங்கள். விடியலில் செல்லுங்கள்; பளிச்சிடும் உடை வேண்டாம்; கூட்டை நெருங்காதீர்கள். விவரமறிந்த வழிகாட்டி உடனிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஓராண்டுப் பாடம் கிட்டும்.

அவ்வளவு தூரம் செல்ல இயலாதோருக்கு நம் கோட்டை அகழி இருக்கிறது. பகைவரைத் தடுக்கத் தோண்டிய நீர், இன்று கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் இரை தருகிறது.

வீட்டிலும் இவ்விருந்தை நடத்தலாம். அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல நீர் வைத்து, நடுவில் ஒரு கல்லை இடுங்கள். தினமும் கழுவி நீரை மாற்றுங்கள். இல்லையேல் கொசுவும் நோயும் பெருகும். பூனைக்கு எட்டாத நிழலில் கம்பு, தினை, நொய் தூவுங்கள். உப்பிட்டதும் பொரித்ததும் ஆகா. ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட மரப்பெட்டி, குருவிக்கு வீடாகும். ஆயினும் தானியம் மட்டும் போதாது. குஞ்சுகள் புழு பூச்சியுண்டே வளர்வன. ஆகவே மருதாணி, செம்பருத்திச் செடிகளை வளருங்கள், பூச்சிமருந்தைத் தவிருங்கள்.

நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது தோல் தொழில். அதன் கழிவே பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரில் மீனும் புழுவும் மடிந்தால் பறவை அங்கே வராது. பறவை வராத நீரை நம் பிள்ளைகள் எங்ஙனம் பருகுவர்?

ஆகவே சட்டியில் நீர் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஊர் ஏரியில் குப்பை கொட்டாதிருப்பதும், கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றாதிருப்பதும் அதே விருந்தோம்பலின் பகுதிகளே. இவ்வாரம் சட்டியை வையுங்கள். வந்தமரும் பறவைகளின் பெயரையும் நாளையும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும்.