மன்றத்தின் சாவி யார் கையில்?

கலைக்கு மாளிகை கட்டுவோம் என்கிறார்கள் பிரமுகர்கள். நல்லது, கட்டட்டும்! ஆனால் கட்டி முடித்த பிறகு அதன் சாவி யார் இடுப்பில் தொங்கப் போகிறது? திருவண்ணாமலை மாவட்டத்து உழைக்கும் மக்களின் சார்பில் நாம் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

சபா, டிரஸ்ட், கலை மன்றம், பண்பாட்டு மையம் என்று பெயர்கள் பல. நிர்வாகக் கமிட்டியின் லட்சணம் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. தலைவர் ஒரு தனவந்தர். புரவலர் ஒரு முதலாளி. செயலாளர் ஓய்வு பெற்ற ஓர் உத்தியோகஸ்தர். மற்றவர்கள் இந்த மூவரின் உறவினர்களும் நண்பர்களும். கலைஞன் எங்கே? அவன் மேடையில் கால் மணி நேரம் ஆடிவிட்டு, ஒரு பொன்னாடையை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறான்! அவன் ஆட்டம் அவர்களுக்கு வேண்டும். அவன் அபிப்பிராயம் வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "கலைஞனுக்கு ஆடத் தெரியும், நிர்வாகம் தெரியாது." ஆலைத் தோழர்களே, இந்தக் குரலை நீங்கள் எங்கோ கேட்டதில்லையா? "தொழிலாளிக்கு மெஷின் ஓட்டத் தெரியும், ஆலை நடத்தத் தெரியாது" என்று முதலாளி பேசும் அதே குரல்தான் இது. விவசாயத் தொழிலாளித் தோழர்களே, "நாற்று நடத் தெரிந்தவனுக்கு நிலம் எதற்கு" என்று மிராசுதார் கேட்ட அதே கேள்விதான் இது.

உழைப்பவனுக்கா நிர்வாகம் தெரியாது?

செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில் திடல்களைப் போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு 10 மணிக்கு மேல் தெருக்கூத்து, பொழுது விடியும் வரை. முடிவில் படுகளம், அதன்பின் தீமிதி. பத்து நாள், இன்னும் அதற்கு மேலும் நடக்கும் இந்தப் பெருங்காரியத்துக்கு எந்த டிரஸ்ட் பணம் கொடுக்கிறது? ஒன்றுமில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊர் ஜனங்களே வசூலிக்கிறார்கள். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்து ஜமாவைப் பேசுகிறார்கள்.

அந்த ஜமாவின் நிர்வாகம் எப்படி? ஒரு வாத்தியார். வேஷம் கட்டுகிறவர்கள். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம். புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் சொந்த முதல். எந்த இரவு எந்த ஊர், வந்த கூலியில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் பேசி வைத்த கணக்கு. கூத்து இல்லாத மாதங்களில் இவர்களில் பலர் ஏர் பிடிக்கிறார்கள், கூலி வேலைக்குப் போகிறார்கள். கட்டிடமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு கலை ஸ்தாபனத்தை நடத்தி வருகிறவர்களைப் பார்த்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் "நிர்வாகம் தெரியாது" என்கிறார்கள்!

இந்த மண்ணின் கூத்து சாமானியமானதா? செய்யாறு வட்டத்துப் புரிசைக் கிராமத்தின் கண்ணப்ப தம்பிரானிடம் பாடம் கேட்கச் சென்னையின் நவீன நாடகக்காரர்கள் வந்தார்கள். பாரிஸ் நகரத்து தியேத்தர் து சொலெய் குழு, 2016இல் மேடையேற்றிய தன் நாடகத்துக்காகப் புரிசைக் கலைஞர்களிடம் கூத்துப் பயின்றது. பாரிஸ் தேடி வந்து வணங்கும் கலைஞனுக்கு உள்ளூர் கமிட்டியில் ஒரு நாற்காலி கிடையாதாம்!

கலைஞர்களே நடத்திக் காட்டியதற்கும் சாட்சி உண்டு. 1990இல், பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் அவருடைய சக கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் அந்தச் சங்கம் ஒரு குருகுலம் திறந்தது. கூத்தும் பள்ளிப் படிப்பும் சேர்ந்து நடந்தன. ஆண்களே ஆடிய கூத்தில் ஏழை வீட்டுப் பெண் குழந்தைகள் வேஷம் கட்டினார்கள். எந்த சபா பிரமுகருக்கு இந்தத் துணிவு வந்தது? ஆனால் நன்கொடையை நம்பியே ஒரு பள்ளி எத்தனை காலம் நிற்கும்? 2020இல் குருகுலம் மூடப்பட்டது. கலைஞர்களுக்கு நடத்தத் தெரியாததால் அல்ல. 18 ஆண்டுகள் நடத்தினார்கள். நிரந்தர ஆதாரம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. குற்றம் யாருடையது?

டில்லியைப் பாருங்கள். 1989 ஜனவரி 1 அன்று, டில்லியை அடுத்த சாகிபாபாத்தில், தொழிலாளர் குடியிருப்பில், "ஹல்லா போல்" என்ற தெரு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். படுகாயமுற்ற தோழர் சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4ஆம் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நின்று போன நாடகத்தை ஆடி முடித்தார்கள். அந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுதான் 2012இல் டில்லியில் உழைப்பாளர் வாழும் ஷாதி காம்பூரில் "ஸ்டூடியோ சப்தர்" என்ற கலைக்கூடத்தைத் திறந்தது. சாவி ஆடுகிறவர்கள் கையிலேயே இருக்கிறது.

திருவண்ணாமலைக்கும் இது புதிதல்ல. 1975இல் மதுரையில் பிறந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இந்நகரில் நடத்திய கலை இரவுகளில் பறையும் கூத்தும் பாட்டும் விடிய விடிய முழங்கின. டிக்கெட் கிடையாது, முன்வரிசை நாற்காலிக்குத் தனி விலை கிடையாது. மக்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"ஊரே நடத்துகிறது என்கிறீர்களே, அப்படியானால் ஊர்ப் பெரியவர்களிடமே மன்றத்தையும் கொடுத்துவிடலாமே" என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்கிறார்கள். கூடாது! ஊர் என்றால் யார்? இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக வாசல் தாண்ட முடியாதிருந்த தலித் மக்கள், 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடுதான் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் கால் வைக்க முடிந்தது. கோவில் வாசலில் மறித்த கை, மன்ற வாசலில் மறிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பறை அடிக்கக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார இடம் கொடாத ஊர்ப் பெரியதனம் நமக்கு வேண்டாம். தனவந்தர் கையிலிருந்து சாவியை வாங்கி ஜாதித் தலைவர் கையில் கொடுப்பதற்கா நாம் போராடுகிறோம்?

சர்க்காரே நடத்தட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. நாடகம் போடுமுன் கதையைக் காட்டு என்று 1876இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அவன் போன பிறகு 1954இல் சென்னை ராஜ்யத்துக் காங்கிரஸ் சர்க்கார் தானும் ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் கண்டு அவர்கள் நடுங்கிய காலம் அது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. 59 ஆண்டுகள்! இன்னொன்றும் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்கின்றன. விசேஷ அனுமதி கொடுத்தாலும் ஆண்டில் 15 நாள், அதுவும் நள்ளிரவு வரைதான். கூத்துத் தொடங்குவதே 10 மணிக்கு மேல்! விதி எழுதியவர்கள் ஒரு கூத்து வாத்தியாரையாவது கேட்டிருந்தால் இந்தக் கூத்து நடக்குமா?

சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும். அது பிச்சை அல்ல, நம் வரிப்பணம். பணம் கொடுப்பதால் சாவி அதன் கைக்குப் போய்விடக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை:

ஒன்று: மாவட்டத் தலைநகரிலும் ஒவ்வொரு வட்டத்திலும் புறம்போக்கு நிலத்தில் கலைக்கூடம் கட்டு! ஆண்டு மான்யத்தைச் சட்டப்படி உறுதி செய்!

இரண்டு: நிர்வாகக் கமிட்டியைத் தேர்தலால் அமை! கலைஞரும், ஆலைத் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும் அதில் பெரும்பான்மையாக இருக்கட்டும். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடம் உறுதி செய்!

மூன்று: வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படி!

நான்கு: விடியும் வரை ஆடும் கூத்துக்கு உரிய அனுமதியைச் சட்டத்திலேயே எழுது!

ஐந்து: ஆரணி அரிசி ஆலைத் தொழிலாளியும், செய்யாறு சிப்காட் காலணி ஆலைப் பெண்ணும் ஷிப்டு முடிந்து வரும்போது கதவு திறந்திருக்கட்டும்!

தோழர்களே! இதைக் கலைஞர்களின் தனிப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் செய்யும்போது சிரிக்கிறவர்கள் நீங்கள். கமிட்டியில் ராஜாக்கள் மட்டுமே உட்கார்ந்திருந்தால் கட்டியக்காரன் வாய் திறப்பானா? மன்றத்தை நடத்துகிறவன் எவனோ, அங்கே என்ன பேசலாம் என்பதைத் தீர்மானிப்பவனும் அவனே. உங்கள் ஊரின் கூத்து ஜமாவை, பறைக் குழுவை, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஆட மட்டும் அல்ல, பேச! தீர்மானம் போடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பறை முழக்கத்தோடு போங்கள்.

ஆடுகிறவர் கையில் சாவி! உழைக்கிறவர் கையில் மன்றம்!