கூட்டு ஏடும் தொழிலாளியின் அந்தரங்கமும்

சிகந்தராபாத்தை அடுத்த லாலாகுடாவில், நிஜாம் ரயில்வேயின் காலமாகிய 1893-ஆம் ஆண்டில் தோன்றிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது. தென்மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் அவ்வூரிலேயே அமைந்துள்ளது. தொழிலாளிக்கு வேலை அளிப்பதும், அவர் நோயுற்றால் சிகிச்சை அளிப்பதும் ஒரே ஸ்தாபனமே. தொழிலாளிக்கு இது பெரும் பாதுகாப்பாகும். ஆயினும் இதிலேயே ஒரு சிக்கலும் அடங்கியிருக்கிறது.

முன்னாளில் நோயாளியின் குறிப்பு ஒரு காகிதக் கட்டாக, ஓர் அலமாரியில் கிடந்தது. அதனைக் காண விரும்புவோர் அங்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. தொலைவே காவலாக நின்றது எனலாம். 2020-ஆம் ஆண்டில் ரயில்வே நிர்வாகம், நாடெங்குமுள்ள தனது 125 மருத்துவ நிலையங்களையும் 650 பாலிகிளினிக்குகளையும் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் இணைக்கும் பணியை ரயில்டெல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஓரிடத்தில் செய்த ரத்தப் பரிசோதனையை மற்றோரிடத்து டாக்டர் உடனே காண இயலுவது நோயாளிக்கு நன்மையே. ஆனால் இத்தகைய கூட்டு ஏட்டில் தொலைவு என்னும் காவல் மறைந்துவிடுகிறது. அதற்கு ஈடான காவலை மென்பொருளிலேயே அமைத்தல் இன்றியமையாதது.

இதற்குரிய விதிகள் புதியன அல்ல. ஒவ்வொருவருக்கும் அவரது பணிக்குத் தேவையான உரிமை மட்டுமே அளிக்கப்பட வேண்டும் என்றும், வெளிப்படையாகத் திறக்கப்படாத கதவு மூடியே இருத்தல் வேண்டும் என்றும் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1975-இல் எடுத்துரைத்தனர். உரிமையை ஆளுக்கு அளிப்பதினும் அவர் வகிக்கும் பணிக்கு அளிப்பதே முறை என்பதை 1992-இல் பெரையோலோ, கூன் ஆகிய இருவரும் வகுத்துக் காட்டினர். இதன்படி, பதிவு எழுத்தருக்குப் பெயரும் வரிசை எண்ணும் போதும். மருந்தாளுநருக்கு மருந்துச் சீட்டும் ஒவ்வாமைக் குறிப்பும் போதும். சிகிச்சை அளிக்கும் டாக்டருக்கே முழு ஏடும் திறக்க வேண்டும்.

மேலதிகாரி எதனைக் காணலாம்? ரயில்வேயில் ஊழியரின் உடல் தகுதி ஏ-1 முதல் சி-2 வரை வகுக்கப்பட்டுள்ளது. ஒருவர் தம் பணிக்குத் தகுதியுடையவரா என்பதை அறிதல் நிர்வாகத்தின் கடமை. பிரயாணிகளின் உயிர் அதனைச் சார்ந்தது. ஆனால் அவ்விடைக்கு அந்த வகுப்புக் குறியே போதுமானது. நோயின் பெயர் தேவையில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டமும் மனநல மருத்துவச் சட்டமும் நோயாளியின் ரகசியத்தைக் காக்குமாறு பணிக்கின்றன.

கட்டுப்பாடு மிகுந்தால் ஆபத்து வேளையில் உயிர் போகாதா என்று வினவலாம். வினா நியாயமானதே. விபத்தில் நினைவிழந்தவரின் ஏட்டை எந்தப் பணி டாக்டரும் உடனே திறக்க வகை இருத்தல் வேண்டும். ஆனால் திறந்தவர் பெயர், நேரம், காரணம் ஆகியவை தாமே பதிவாகிப் பின்னர் பரிசீலிக்கப்பட வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பங்கிட்டுக் கொண்டால் அப்பதிவு பயனற்றதாகும். எனினும் இதற்கு ஊழியரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. உள்ளே நுழைவதற்கே நெடுநேரம் பிடிக்குமாயின், நோயாளிகள் காத்து நிற்கையில் நர்ஸ் வேறென்ன செய்வார்? எளிதில் கைக்கொள்ள இயலாத காவல் விரைவில் கைவிடப்படும் என்பதை மென்பொருள் வகுப்போர் மனத்திற் கொள்ள வேண்டும்.

மாணவரின் உடல்நலக் குறிப்பைப் பொதுப் பட்டியலில் எழுதும் ஆசிரியருக்கும், வீடுதோறும் விவரம் திரட்டும் களப்பணியாளருக்கும் இவ்விதி பொருந்தும். காசநோயை மேற்பார்வையாளர் அறிந்துவிடுவாரோ என்றஞ்சும் தொழிலாளி அதனை டாக்டரிடமும் மறைப்பார். அதனால் அவருடன், அருகில் நின்று உழைப்பவரும் துன்புற நேரிடும். ஆதலின் ரகசியம் காத்தலைச் சிகிச்சைக்குத் தடையாகக் கருதலாகாது. சிகிச்சையின் முதற்படி அதுவே.