அடுப்பில்லாக் காப்பி

காப்பி விஷயத்தில் நம்மவர்களுக்குத் திடமான கொள்கை ஒன்று உண்டு. அது சூடாக இருக்க வேண்டும். தம்ளரைத் தொட்டால் கை சுட வேண்டும். டவராவில் நாலு தடவை ஆற்றிய பிறகும் நாக்கில் சுருக்கென்று பட வேண்டும். ஆறின காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பதைவிட, "இன்றைக்குப் பால் வரவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவதே மரியாதை என்று நினைப்பவர்கள் நாம். இத்தகைய கொள்கை தவறாத குடும்பத்தில், சென்ற சித்திரை மாதத்தில், அடுப்பே மூட்டாமல் காப்பி தயாரித்துக் குடித்தோம். அதனால் ஓர் இரவு தூக்கத்தையும் இழந்தோம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் என் மருமான். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன், சின்னஞ்சிறு கண்ணாடிச் சீசா ஒன்றை மேஜைமேல் வைத்து, "மாமா, இதற்குக் கோல்டு புரூ என்று பெயர். வெந்நீரே கிடையாது. பச்சைத் தண்ணீரில் காப்பித் தூளை ராத்திரி முழுவதும் ஊறவைத்து எடுப்பது. விலை இருநூறு ரூபாய்" என்றான்.

என் மனைவி சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "தூளும் தண்ணீருந்தானே? இதற்கா இருநூறு ரூபாய்?" என்றாள். எங்கள் வீட்டுப் பரிசோதனை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

உலகத்துக்கு இது புது விஷயம் அல்ல. ஜப்பானில் க்யோட்டோ நகரத்துக் காப்பிக் கடைகளில், ஆள் உயரக் கண்ணாடிக் கோபுரங்களிலிருந்து குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தூளின்மேல் விழுந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் 1964-ல் டாட் ஸிம்ப்ஸன் என்ற எஞ்சினீயர், வீட்டிலேயே இதைச் செய்வதற்கு ஒரு பாத்திரம் அமைத்து, அதற்கு 'டாடி' என்று நாமகரணம் செய்தார். இங்கிலீஷில் அதற்குக் கள் என்றும் பொருள்! நம் பாஷையிலும் தொல்லைதான். காய்ச்சாததை டிகாக்ஷன் என்பது பொருந்தாது. 'ஊறல்' என்று சொன்னாலோ போலீஸார் வந்துவிடுவார்கள். ஆகையால் 'சாரம்' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை, வழக்கமான பில்டர் தூளையே ஊறவைத்தோம். அது மாவு போன்றது. அதில் சிக்கரி வேறு. காலையில் வடிகட்டியபோது துணி அடைத்துக்கொண்டது. இறங்கியது காவேரி வெள்ளம் மாதிரி வண்டலாக இருந்தது. மறு நாள் காப்பி அரைக்கும் கடைக்குப் போய், சிக்கரி இல்லாமல், ரவை பதத்தில் அரைத்துத் தரச் சொன்னேன். "இதைப் பில்டரில் போட்டால் வெறுந் தண்ணீர்தான் இறங்கும், ஸார்" என்று கடைக்காரர் என்னை எச்சரித்தார். பில்டரைப் பொறுத்தவரையில் அவர் சொன்னது வாஸ்தவம். வெந்நீர் தூளோடு இருப்பது சற்று நேரந்தான். ஆகவே பொடி நைஸாக இருக்க வேண்டும். இங்கேயோ தண்ணீருக்கு இரவு முழுவதும் அவகாசம் இருக்கிறது.

முறை இதுதான். 100 கிராம் தூளுக்கு, காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீர் 800 மில்லி. தூள் முழுவதும் நனையும்படி கலக்கி, மூடி, பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி முதல் பதினாறு மணி நேரம் ஊறினால் போதும். பிறகு சுத்தமான வேஷ்டித் துணியில் வடிகட்டலாம். பிழியக் கூடாது, பிழிந்தால் வண்டலும் கசப்பும் வந்து சேரும். தூள் ஏறக்குறைய 200 மில்லி தண்ணீரைத் தானே குடித்துவிடுமாதலால், கிடைப்பது 600 மில்லி சாரம். அதற்குச் சம அளவு தண்ணீரோ, காய்ச்சி ஆறிய பாலோ சேர்த்துக் குடிக்கலாம். குளிர்ச்சியில் சர்க்கரை எளிதில் கரையாது. பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்வது நலம். கிருமிகளைக் கொல்லும் சூடு இதில் இல்லை. ஆகையால் சாரத்தை வெளியே வைக்காமல், பிரிட்ஜிலேயே வைத்து ஐந்து நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ருசி எப்படி? கசப்புக் குறைவு, மிருதுவாக, சிறிது சாக்லேட் வாசனையோடு இருந்தது. வெந்நீர் ஊற்றும்போது தெரு முனை வரையில் போகும் அந்த மணம் மட்டும் இல்லை. சூடு இல்லாவிட்டால் மணம் கிளம்புவது எங்கே?

இந்தச் சாதுவான ருசிதான் என் மாமனாரை ஏமாற்றியது. அவருக்கு எழுபத்து நாலு வயது. காலையில் ஒரு காப்பியோடு நிறுத்திக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ சாரத்தை ருசி பார்த்துவிட்டு, "இதில் உஷ்ணமே இல்லையே! குளிர்ச்சியான பதார்த்தம்" என்று தீர்ப்புச் சொல்லி, மத்தியானத்தில் மூன்று தம்ளர் குடித்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மாப்பிள்ளை" என்றார். என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. பொழுது விடிந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பயப்படும்படியாக ஒன்றும் இல்லை என்றார்; ஆனால் குடித்த கணக்கைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வகுப்பில் பையன்களுக்கு ஸயன்ஸ் சொல்லிக் கொடுக்கிற நான் அந்தக் கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும். அராபிகா தூள் 100 கிராமில் காபீன் சுமார் 1.2 கிராம். குளிர்ந்த நீர் 800 மில்லி, அதைவிட அதிகமான காபீனையே கரைக்க வல்லது! ஆகவே காபீனின் பெரும்பகுதி சாரத்தில் இறங்கிவிடுகிறது. ஏழு மணி நேரத்துக்குள் அநேகமாய் முடிந்துவிடுகிறது என்று 2017-ல் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்று கண்டது. 100 மில்லி சாரம் கலந்த ஒரு தம்ளரில் 130 முதல் 150 மில்லிகிராம் இருக்கலாம். மூன்று தம்ளரில் 400-ஐத் தொட்டுவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2015-ல், தேக ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் விதித்த எல்லையே அந்த 400-தான், கர்ப்பிணிகளுக்கு 200. வயிற்றில் புளிப்பு உண்டாகாது என்று சொல்வதையும் முழுவதும் நம்ப வேண்டாம். 2018-ல் சோதித்தபோது, அமிலங்களின் மொத்த அளவு வெந்நீர்க் காப்பியில்தான் அதிகம் என்றாலும், இரண்டின் புளிப்பு நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

தீ சில நிமிஷத்தில் செய்கிற வேலையை இங்கே காலம் ஓர் இரவில் செய்கிறது. கொதிக்காமல், சத்தம் போடாமல் வருவதனால் அது சாது ஆகிவிடாது. கடைசி பெஞ்சியில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றி உபாத்தியாயர்களுக்குத் தெரிந்த இந்த உண்மை, காப்பிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றாமற் போயிற்று.

சாரம் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. காலை நாலரை மணிக்கு வெந்நீர் வைக்க எழுந்திருக்கும் வேலை என் மனைவிக்குக் கோடை முழுவதும் மிச்சமாயிற்று. அந்த லாபத்தை விட அவளுக்கு மனமில்லை. சீசாவுக்குப் பக்கத்தில் மருந்து அளக்கும் சிறு குவளை ஒன்றும் வைத்திருக்கிறோம். என் மாமனார் காலையில் அதைத் தம் கையாலேயே எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐம்பது மில்லி கோடு வரையில் ஊற்றுகிறார். ஊற்றியபின் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுகிறார்.