வீட்டு விலை மீண்டுவிட்டது... யாருக்கு?

அமெரிக்காவில் 2006-ல் உச்சம் தொட்ட வீட்டு விலை, 2012 தொடக்கத்துக்குள் சுமார் 27 சதவீதம் சரிந்தது. கேஸ்-ஷில்லர் குறியீட்டின்படி 2016-ல் அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்போ மீண்டாச்சா? அவசரப்படாதீங்க.

முதலில், எந்த ஊர்? டல்லாஸில் சரிவு குறைவு, 2013-லேயே மீண்டது. லாஸ் வேகாஸில் 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பழைய விலையைத் தொட 2021 ஆனது. காரணம் எளிய கணக்குதான். 100 டாலர் 40 ஆகிவிட்டால், மறுபடி 100 ஆக 150 சதவீதம் ஏறணும்.

அடுத்து, விலைவாசி. 2006 முதல் 2016 வரை அது சுமார் 19 சதவீதம் கூடியது. பழைய விலைக்கே வீட்டை விற்றாலும் உண்மையில் நஷ்டம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மனிதர்கள். தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டைப் பறிகொடுத்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு 2016-ன் ஏற்றத்தால் ஒரு பைசா லாபமில்லை. அடிமட்ட விலையில், கையில் ரொக்கத்தோடு வந்து வாங்கியவர்களுக்குத்தான் அது போனது.

குறியீடு வீட்டைத்தான் பின்தொடரும், அதில் குடியிருந்தவரை அல்ல. எனவே, 'சந்தை மீண்டது' என்று அரசோ வங்கியோ சொன்னால், வீட்டை இழந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக் கேளுங்க.