அறுபது சென்ட் மகாராஜா

தாம்பரத்துக்குத் தெற்கே நிலம் பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விற்கிறவர் கிரவுண்டில் சொல்வார். வாங்குகிறவர் சதுர அடியில் கேட்பார். பட்டா ஹெக்டேரில் இருக்கும். பிளான் சதுர மீட்டரில் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் பிடிவாதமாக சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2400. நூறு சென்ட் ஒரு ஏக்கர். அதாவது ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டும் கொஞ்சம் சில்லறையும். அந்தச் சில்லறை விஷயத்தில்தான் பல வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிறது.

நண்பர் ஒருவரின் சித்தப்பாவுக்கு அகரம்தென் தாண்டி அறுபது சென்ட் இருக்கிறது. கிரவுண்டில் சொன்னால் ஏறக்குறைய பதினொன்று. ஒரு கிணறு, பதினேழு தென்னை, இரண்டு பசு, மிச்ச இடத்தில் கீரையும் வெண்டையும். விடிகாலையில் கீரைக்கட்டு கேம்ப் ரோடுக்கு வந்துவிடும். இன்றைய விலைக்குக் காகிதத்தில் அவர் கோடீஸ்வரர். நேரில் பார்த்தால் ஒரு துண்டு, ஒரு டி.வி.எஸ். எக்ஸெல்.

கோடீஸ்வரருக்கு ஆசை ரெண்டே ரெண்டு. ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து தோட்டம் தூரம். ராத்திரியில் இளநீர்க் குலை காணாமல் போகிறது. எனவே தோட்டத்திலேயே ரெண்டு ரூமாக ஒரு சின்ன வீடு. ரெண்டாவது, சின்னப் பெண்ணுக்கு ஓரமாக எட்டு சென்ட் பிரித்து எழுதி வைப்பது.

"என் நெலம். எங்கப்பன் வெட்டுன கெணறு. என் காசு, என் செங்கல்லு. இதுல நான் எவனைக் கேக்கணும்?"

"கவர்ன்மென்ட்டைக் கேக்கணும் சித்தப்பா" என்றார் நண்பர்.

"கீரை வெதைக்கச் சொல்ல கேட்டனா?"

நியாயமான கேள்வி. பதில் 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. கீரை விதைக்க யாரையும் கேட்க வேண்டாம். அதே மண்ணில் ஒரு செங்கல் வைத்தால் அது 'அபிவிருத்தி'. நிலத்தை வீட்டு மனையாகப் பிரித்தாலும் அபிவிருத்தி. அபிவிருத்தி என்றால் திட்ட அனுமதி வேண்டும். 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது அகரம்தென் பஞ்சாயத்தாகவே நின்றது. ஆனாலும் சித்தப்பா தப்பிக்க முடியாது. சி.எம்.டி.ஏ.வின் குடை பஞ்சாயத்துக்கும் சேர்த்து விரிந்திருக்கிறது.

2008 செப்டம்பரில் அமலுக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு மண்டலம். குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்துக்கே ஜாதிச் சான்றிதழ். சித்தப்பாவின் நம்பர் விவசாய மண்டலம். இங்கே பலரும் குழம்புவது ஒரு இடத்தில். பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது வருவாய்த் துறை பாஷை. மண்டலம் என்பது சி.எம்.டி.ஏ. பாஷை. பட்டாவில் புஞ்சை என்று போட்டிருக்கிறதே, வீடு கட்டலாமே என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னால் டீயை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

விவசாய மண்டலத்தில் வீடே கூடாது என்றும் இல்லை. பண்ணை வீடு, விளைச்சல் வைக்கிற கிடங்கு, மாட்டுக் கொட்டகை எல்லாம் அங்கே அனுமதிக்கப்பட்ட உபயோகங்கள்தான். இதைக் கேட்டதும் சித்தப்பா கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார். நண்பர் ஓடிப் போய்த் தடுத்தார். 'அனுமதிக்கப்பட்ட உபயோகம்' என்றால் அனுமதி கேட்கத் தகுதி உண்டு என்று அர்த்தம். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெண் பார்க்க வரலாம் என்று சொல்வதற்கும் தாலி கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, முறையாகவே கேட்போம் என்று கிளம்பினார்கள். மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று. பத்திரத்தில் தாத்தா பெயர். பட்டாவில் அப்பா பெயர். ஆதாரில் இவர் பெயர். கிணற்றில் மட்டும் நாலில் ஒரு பாகம் பங்காளிக்கு. அந்தப் பங்காளி பம்மலில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை (மேலே சொன்ன சில்லறை). வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றவே ஒரு தை பிறந்து அடுத்த தை வந்துவிட்டது. பட்டாவும் வில்லங்கமும் இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. அதில் தாத்தா இன்னும் உயிரோடு இருப்பது பளிச்சென்று தெரிகிறது.

பிறகு ஒரு இன்ஜினீயரைப் பிடித்து பிளான் போட்டார்கள். ஒரு அலுவலகத்தில் நடந்த சம்பாஷணையை நண்பர் சொன்னபடி தருகிறேன்:

"பாதை எவ்வளவு அகலம்?"

"ரெண்டு மாடு தாராளமா போவும் சார்."

"மீட்டர்ல சொல்லுங்க."

"மாட்டுக்கு ஏது சார் மீட்டரு?"

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்வியில் தப்பில்லை. தீயணைப்பு வண்டி மாட்டைவிட அகலம். கஷ்டம் என்னவென்றால் சித்தப்பாவின் நிலத்துக்குப் போவது காலகாலமாக ஒரு வண்டிப் பாட்டை. புலப்படத்தில் அது நூல் மாதிரி இருக்கிறது. ரெண்டு பக்கமும் அடுத்தவர் நிலம். அதை அகலப்படுத்த இவர் எந்த பிளான் போட முடியும்? பெரிய பண்ணைக்காரர் என்றால் பாதைக்காகவே பக்கத்து நிலத்தை வாங்கிப் போடுவார். அறுபது சென்ட்காரர் என்ன செய்வார்? ஏக்கர் கணக்கில் இருந்தாலும் சென்ட் கணக்கில் இருந்தாலும் கேட்கிற காகிதம் ஏறக்குறைய ஒரே கட்டுதான். சுமக்கிற தோள்தான் வேறே.

இத்தனைக்கும் நடுவில் சித்தப்பாவின் வயிற்றெரிச்சல் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2010 வாக்கில் அங்கே நெல் வயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா போட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இலவச வேன். மத்தியானம் பிரிஞ்சி. புக் பண்ணுகிறவர்களுக்கு வெள்ளிக் காசு. வரப்பெல்லாம் ரோடாயிற்று, வயலெல்லாம் வெள்ளையடித்த கல்லாயிற்று, முகப்பில் ஏதோ ஒரு 'நகர்' என்று வளைவு வந்தது. கேட்டவர்களுக்கு ஒரு மனைப்பிரிவு படத்தைக் காட்டினார்கள். அதில் பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்ப். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு!'

அந்த வார்த்தையை நம்பி பி.எஃப். லோன் போட்டவர்கள் இந்தப் பக்கத்தை இப்போது படித்துக் கொண்டிருக்கலாம். சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது சி.எம்.டி.ஏ. அதற்கு வெளியே நகர் ஊரமைப்புத் துறை என்கிற டி.டி.சி.பி. பஞ்சாயத்து ஸ்டாம்ப் மட்டும் இருந்தால் அது அன்அப்ரூவ்டுக்கு வைத்த செல்லப் பெயர்.

இது பல வருஷம் ஓடியது. யானை ராஜேந்திரன் என்ற வக்கீல் பொதுநல வழக்குப் போட்டார். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுக்க சார்பதிவாளர் ஆபீஸ்கள் வெறிச்சோடின. பத்திர எழுத்தர்கள் தாயக்கட்டம் ஆடாத குறை. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்தவர்கள் நிஜமாகவே தவித்துப் போனார்கள். கடைசியில் 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து நகரும் பணம் கட்டிப் புனிதமாகிவிட்டது. சித்தப்பா கேட்டார்:

"கேட்டவனுக்கு ஃபைலு, கேக்காதவனுக்கு வரன்முறையா? நல்லாருக்குடா ஒங்க ஞாயம்!"

இதற்கு நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும் முழுசாக இல்லை. அங்கே மனை வாங்கியது ப்ரமோட்டர் இல்லை. நம்மைப் போல ஒன்பது மணி ரயிலில் தொங்கிக் கொண்டு போகிறவர்கள். பெண்டாட்டி வளையலை அடகு வைத்தவர்கள். அவர்களை ரோட்டில் நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது, நிறுத்தவும் கூடாது. ப்ரமோட்டரோ பணத்தை எண்ணி முடித்து அடுத்த ஊரில் ஷாமியானா போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் மிச்சம் பிடித்தது என்ன என்று பார்த்தால்தான் ரத்தம் கொதிக்கும். முறையாக அனுமதி வாங்கினால் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் பத்து சதவிகிதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தான பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். பார்க், விளையாட்டு மைதானம் எல்லாம் அதில்தான். அனுமதி வாங்காததால் அந்தப் பத்து சதவிகிதமும் மனையாகி விற்றுப் போயிற்று. அந்த நகரில் பிள்ளைகள் ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து சித்தப்பாவின் வெண்டைப் பாத்தியில் விழுகிறது. வாரத்துக்கு நாலு. அவர் திருப்பித் தருவதில்லை.

பார்க் இல்லாவிட்டால் போகிறது. தண்ணீர்? இந்தப் பக்கம் ஊருக்கு ஒரு ஏரி. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒன்று நிரம்பினால் வழிந்து அடுத்ததற்கு. வழி எது? யாருடைய வயலோரமோ போகும் ஒரு வாய்க்கால். 2015 டிசம்பர் ஒண்ணாம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். தண்ணீருக்கு அப்ரூவ்டு, அன்அப்ரூவ்டு எல்லாம் தெரியாது. பழைய பள்ளம் தெரியும். நீர்நிலையிலும் வாய்க்காலிலும் இருக்கிற மனைகளுக்கு வரன்முறை கிடையாது என்று 2017 விதிகளில் எழுதியிருப்பது அதனால்தான்.

அந்த மழையில் வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ராத்திரிக்குள் இறங்கிவிட்டதாம். விவசாய மண்டலம் என்று வரைபடத்தில் கலர் அடித்த புண்ணியவானுக்கு அன்றைக்கு ஒரு கட்டு கீரை கொடுத்திருக்கலாம். சித்தப்பாவிடம் இதை நான் சொன்னபோது, "அப்போ மழைத் தண்ணிக்கு நான் எடம் குடுக்கறேன். எனக்கு ரெண்டு ரூம் குடுக்கக் கூடாதா?" என்றார். ஆசாமியை லேசில் மடக்க முடியாது.

ஒரு தகவல். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கோயில் சுவரில் 919, 921-ஆம் வருஷத்துச் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கமிட்டி போட்டிருக்கிறார்கள். உறுப்பினராகத் தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு. தஞ்சாவூர்க் கணக்கில் கால் வேலி ஒண்ணரை ஏக்கருக்கு மேல். சித்தப்பா அங்கேயும் ரிஜக்டட்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரை மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் நாமே உறுதி கொடுத்து உடனடி அனுமதி. பேப்பரில் படித்துவிட்டு சித்தப்பா விடிகாலையில் போன் செய்தார். "நானே எழுதிக் குடுத்தா போதுமாமே?"

"அது மனைக்கு சித்தப்பா. உங்களுது அதைப் போலப் பத்து மடங்கு."

"ரொம்ப வெச்சிருந்தாலும் தப்பா?"

எட்டு சென்ட் கதை இன்னும் சிக்கல். பெண்ணுக்கு வீட்டு மனையாகப் பிரித்துக் கொடுக்க முதலில் விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்புக்கு நில உபயோக மாற்றம் வேண்டும். பல துறைகளின் தடையின்மைச் சான்று, பேப்பரில் விளம்பரம், ஆட்சேபணை இருந்தால் விசாரணை. விவசாய நிலமாகவே செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், அவள் தென்னை வைத்துக்கொள்ளட்டும் என்றார் ஒரு வக்கீல். மாப்பிள்ளை பல்லாவரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். தென்னை எதற்கு என்கிறார்.

ஆபீஸ் நண்பர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. வேனில் ஏறுவதற்கு முன்னால் சர்வே நம்பரைக் கேட்டு வாங்குங்கள். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் அந்த நம்பர் எந்த மண்டலம் என்று பார்க்க வசதி இருக்கிறது. 1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல் 5904 ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே 'இங்கெல்லாம் சி.எம்.டி.ஏ. வராது சார்' என்பவரிடம் வருஷத்தைச் சொல்லுங்கள். ஒப்புதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒப்புதல் பெற்ற படத்தை வாங்கி, அதில் பார்க் எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் போய் நில்லுங்கள். உங்கள் மனைக்கல் அங்கே நட்டிருந்தால் பிரிஞ்சியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

ப்ரமோட்டர்கள் சித்தப்பாவை விட்டபாடில்லை. மாசம் ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறார். "அண்ணே, மொத்தமா குடுத்துடுங்க. பாதை, மண்டலம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்வீட் பாக்ஸ் பேரக் குழந்தைகளுக்குப் போய்விடுகிறது. நிலம் அப்படியே இருக்கிறது.

ஃபைல் இப்போது பாதை விளக்கத்துக்காகக் காத்திருக்கிறது. பம்மல் பங்காளியிடம் நண்பர் தூது போய் வந்திருக்கிறார். கிணற்றடியில் நாலு சவுக்குக் கம்பம் நட்டு, மேலே தென்னங்கீற்று போட்டு, ஒரு கயிற்றுக் கட்டிலோடு சித்தப்பா ராத்திரிக்குக் குடி வந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் பதினோரு கிரிக்கெட் பந்து.